நாலு கட்டை

என் குரல் இறங்கிவிட்டது என்பதை எனக்கு முன்னால் ஊருக்குச் சொன்னவர் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் செயலாளர் மாமா. ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை கோயிலில் இரண்டு பாட்டுப் பாடிவிட்டு எழுந்தேன். பிரசாத வரிசையில் எனக்கு முன்னால் நின்றவர் திரும்பி, "தொண்டை கட்டியிருக்கு போலிருக்கே. கஷாயம் வெச்சுக் குடி, சரியாயிடும்" என்றார். கட்டவில்லை மாமா என்றேன். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அடுத்த வாரத்துக்குள் லேக் கார்டன்ஸிலும் சுற்றுவட்டாரத்திலும் இருக்கிற தமிழ்க் குடும்பங்கள் எல்லாவற்றுக்கும் எனக்குத் தொண்டை சரியில்லை என்று தெரிந்துவிட்டது. சித்தரத்தை, அதிமதுரம், பனங்கற்கண்டு என்று வந்து குவிந்ததை வைத்து நான் ஒரு நாட்டு மருந்துக் கடையே போட்டிருக்கலாம்.

தொண்டைக்கு ஒன்றுமில்லை. டாக்டரிடமும் காட்டினேன். கேமரா வைத்த குழாயை விட்டுப் பார்த்துவிட்டு, எல்லாம் ஆரோக்கியமாக இருக்கிறது, ஐம்பதைத் தாண்டிய பெண்களுக்குக் குரல் இறங்குவது சகஜம் என்று சொல்லி அனுப்பினார். மருந்து எழுதித் தரவில்லை. எனக்கு அழுகையாக வந்தது. ஏதாவது வியாதி என்று சொல்லியிருந்தால்கூடத் தேவலை, சரியாகும் என்று காத்திருக்கலாம். வயதுக்கு எந்தக் கஷாயத்தைக் குடிப்பது?

என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். அப்பா துறைமுகத்தில் வேலையாக வங்காளத்தில் இந்த ஊருக்கு மாற்றலாகி வந்தார், அப்புறம் திரும்பிப் போகவேயில்லை. நான் படித்தது, கல்யாணம் செய்துகொண்டது, அலிப்பூரில் ஒரு மத்திய அரசு அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தது எல்லாம் இங்கேதான். பாட்டும் இங்கேதான் கற்றேன். மேடையில் பாடிப் பிழைக்கிறவள் இல்லை. ஆனால் சங்கத்தின் ராமநவமி உற்சவத்தில் கடைசி நாள் சாயங்காலக் கச்சேரி என்னுடையது. இருபத்தைந்து வயதிலிருந்து என்னுடையது. வருஷத்தில் மற்ற நாளெல்லாம் நான் கோப்புகளைப் பார்க்கிறவள். அந்த ஒரு சாயங்காலம் மட்டும் நான் பாடகி.

சங்கீதம் தெரியாதவர்களுக்காக ஒன்று சொல்லிவிடுகிறேன். பாடுகிறவர் எந்த உயரத்தில் தன் ஸட்ஜத்தை, அதாவது 'ஸ'வை, வைத்துக்கொள்கிறாரோ அதை நாங்கள் கட்டைக் கணக்கில் சொல்வோம். எண் ஏற ஏறக் குரலும் ஏறும். நான் ஐந்தரைக் கட்டை. பெண்களுக்கு நல்ல உயரம் அது. கச்சேரி முடிகிற நேரத்தில் ஒரு விருத்தம் பாடுவேன், அதில் மேல் ஸ்தாயிப் பஞ்சமத்தைத் தொட்டு அங்கேயே நிற்பேன். ஹாலில் சுண்டல் தின்றுகொண்டிருப்பவர்கள்கூடக் கையை நிறுத்திவிடுவார்கள். நான் இறங்கி வந்ததும் கைத்தட்டல். ஐந்தரை என் சுருதி என்பது போய், என் பெயருக்கு முன்னால் போடுகிற பட்டம் மாதிரி ஆகிவிட்டது.

அந்தப் பட்டத்தைக் காப்பாற்ற ஒரு வருஷத்துக்கு மேல் மல்லுக்கட்டினேன். மேலே போகிற பாட்டுகளைத் தவிர்த்தேன். தவிர்க்க முடியாத இடத்தில் கள்ளக் குரலில் தொட்டுவிட்டு, தொட்டதே போதும் என்று ஓடி வந்தேன். காலையில் ஆபீசுக்குக் கிளம்புமுன் ஜன்னலோரம் உட்கார்ந்து சாதகம் செய்வது என் வழக்கம். அந்த நாட்களில் அது எனக்குத் தண்டனையாக இருந்தது. பாட உட்காருகிறவளுக்குப் பாட்டின் மேல் நினைப்பில்லை, எந்த இடத்தில் உடையும் என்பதிலேயே நினைப்பு.

ஒரு நாள் எனக்கே என் மேல் ஆத்திரம் வந்தது. செல்போனில் இருக்கிற தம்பூராவை ஐந்தரையிலிருந்து கீழே இறக்கினேன். ஐந்து, நாலரை, நாலு. நாலில் வைத்து வாயைத் திறந்தேன். குரல் தடங்கலில்லாமல் வந்தது. கீழே மந்தர ஸ்தாயியில் இதற்கு முன்னால் எனக்கு வெறும் காற்றுதான் வரும். இப்போது அங்கே குரல் இருந்தது. நான் வேகமாகத் தாண்டிப் போய்க்கொண்டிருந்த இடங்களிலெல்லாம் நின்று நின்று பாடலாம் போலிருந்தது. அன்றைக்கு ஆபீசுக்கு லேட்.

மறுநாள் படியில் கீழ்வீட்டு பௌதி மறித்தார். பௌதி என்றால் வங்காளத்தில் அண்ணி. வாடகைக்கு வந்த நாளிலிருந்து நான் அவரை அப்படித்தான் கூப்பிடுகிறேன். எங்கள் சங்கீதத்தில் அவருக்கு ஒன்றும் தெரியாது, தெரிந்ததாகக் காட்டிக்கொண்டதும் கிடையாது. உன் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள், காலையில் பாடியது யார் என்று கேட்டார். நான்தான் என்றேன். நம்பவில்லை. இரண்டு வரி பாடிக் காட்டியதும்தான் நம்பினார். பிறகு மனசில் இருந்ததைச் சொன்னார். இத்தனை நாளும் நீ மேலே போகும்போதெல்லாம் எனக்குப் பயமாக இருக்கும், உடைந்துவிடக் கூடாதே என்று டீக் கோப்பையைக் கையில் பிடித்துக்கொண்டே உட்கார்ந்திருப்பேன், இன்றைக்கு நிம்மதியாக டீ குடித்தேன் என்றார். எனக்குச் சுருக்கென்றது. சந்தோஷமாகவும் இருந்தது.

ராமநவமிக்கு முன்னால் செயலாளர் மாமா நிகழ்ச்சி பேச வீட்டுக்கு வந்தார். நான் பளிச்சென்று சொல்லிவிட்டேன். இந்த வருஷம் நாலு கட்டையில் பாடப் போகிறேன். மிருதங்கத்துக்காரரிடம் மறக்காமல் சொல்லிவிடுங்கள். சங்கத்தில் பக்கவாத்தியக்காரர்களை ஏற்பாடு செய்வது செயலாளரின் உரிமை. பாடுகிறவர் நேரே போன் செய்து பேசிவிட்டால் அவருக்குப் பொறுக்காது. வயலின் வாசிப்பவர் என்னோடு சேர்ந்து சாதகம் செய்கிறவர் என்பதால் அவருக்கு விஷயம் தெரியும். மிருதங்கத்துக்கு மாமாதான் வழி.

மாமா காபியைக் கீழே வைத்துவிட்டார்.

"நாலா? கேக்கறவா என்ன நெனச்சுப்பா? குரல் போயிடுத்துன்னு சொல்ல மாட்டாளா?"

"போகல மாமா. எடம் மாறியிருக்கு."

அவர் போனை எடுத்தார். நான் இருபத்தெட்டு வயதில் பாடிய ஒரு கச்சேரியின் பதிவு அவரிடம் இருக்கிறது. கேசட்டிலிருந்து யாரோ மாற்றிக் கொடுத்தது. அதைச் சங்கத்து வாட்ஸாப் குழுவில் அவர் மாதம் ஒரு முறையாவது போடாமல் இருக்க மாட்டார். இப்போது என் கூடத்தில், என் முகத்துக்கு நேரே, என்னையே எனக்குப் போட்டுக் காட்டினார். அந்தப் பெண் மேல் பஞ்சமத்தில் போய் நின்றாள். நன்றாகத்தான் நின்றாள். மாமா கண்ணை மூடித் தலையாட்டிவிட்டு, "இதான் நீ. இதை மாத்தாதே" என்றார். மேலே போகிற இடங்களுக்கு மட்டும் பின்னால் ஒரு சின்னப் பெண்ணை உட்காரவைத்துப் பாடவைக்கலாம், யாருக்கும் வித்தியாசம் தெரியாது என்றும் ஒரு யோசனை சொன்னார்.

எனக்கு வந்த கோபத்தில் பழசை எடுத்துவிட்டேன். அந்தப் பெண் முதன்முதலில் ஐந்தரையில் பாடியபோது இதே மாமா என்ன சொன்னார் என்பது எனக்கு நன்றாக ஞாபகம் இருக்கிறது. எனக்கு முன்னால் அந்த மேடையில் பாடிக்கொண்டிருந்த அம்மாள் நாலரைக் கட்டை. நிதானமாகப் பாடுவார். நான் சுருதியைத் தூக்கிப் பாடியதும் கமிட்டிக்காரர்கள் முகத்தைச் சுளித்தார்கள். அப்போது மீசை கறுப்பாக இருந்த இந்த மாமாதான் என் அப்பாவிடம் வந்து, பொண்ணு பாடறாளா கத்தறாளா, நம்ம மேடைக்கு இதெல்லாம் சரிப்படாது என்று சொன்னவர். அதைச் சொன்னேன். நான் அப்படியெல்லாம் சொல்லவேயில்லை என்று சாதித்தார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே மறந்துவிட்டார் என்றுதான் நினைக்கிறேன். அன்றைக்கு அவருக்குப் பிடிக்காத புதுசு, இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் கேட்டுக் கேட்டு இன்றைக்கு அவருடைய சம்பிரதாயம் ஆகிவிட்டது. நான் மட்டும் அதற்குக் காவல் இருக்க வேண்டுமாம்.

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் மாமா ஒருவர் தலையில் எல்லாப் பழியும் விழும். எங்கள் தெரு துர்கா பூஜை கமிட்டிப் பையன்கள் வருஷா வருஷம் வருவார்கள். தீதி என்று அக்கா முறை சொல்லிக் கூப்பிட்டு, நீங்கள் பாடுவது ரொம்ப நன்றாக இருக்கிறது, ஆனால் இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரிக் கொஞ்சம் மாற்றுங்கள், கிடார் இருக்கிறது, டிரம்ஸ் இருக்கிறது என்பார்கள். பட்டுப் புடவை, தலை நிறைய மல்லிகைப்பூ, அதில் மட்டும் மாற்றம் கூடாதாம். மாறாதே என்கிறவர்களும் சரி, மாறு என்கிறவர்களும் சரி, இரண்டு பேரும் என்னைப் பார்த்துப் பேசவில்லை. அவரவருக்கு வேண்டிய பொம்மையைப் பார்த்துப் பேசுகிறார்கள். சங்கீதக்காரன் மாற வேண்டுமா, மாறாமல் இருக்க வேண்டுமா என்று யாராவது என்னைக் கேட்டால் நான் சொல்வது இதுதான்: அதை அவனுடைய தொண்டையும் காதும் தீர்மானிக்கட்டும். உனக்குப் பிடிக்கவில்லையா, எழுந்து போ. கதவு திறந்துதான் இருக்கிறது.

இதையெல்லாம் வீராப்பாகச் சொல்லிவிட்டேனே தவிர, உள்ளுக்குள் பயம் இருந்தது. அந்த மேடை போனால் எனக்கு வேறு மேடை இல்லை. நாலு கட்டையில் பாடி ஹால் சப்பென்று இருந்துவிட்டால், அடுத்த வருஷம் மத்தியானப் பிரார்த்தனைக்கு இரண்டு பாட்டு என்று ஓரங்கட்டிவிடுவார்கள். மரியாதையாகத்தான் செய்வார்கள், சால்வைகூடப் போர்த்துவார்கள். அத்தோடு பாடகி முடிந்தாள்.

கடைசி நாள் வந்தது. ஹாலுக்குப் போனபோது மேடையில் சுருதிப்பெட்டி தயாராக இருந்தது. ஐந்தரையில். நான் குனிந்து அதை நாலுக்குத் திருப்பினேன். வயலின்காரர் ஏற்கெனவே கம்பிகளை இறக்கி வைத்திருந்தார். பக்கத்தில் உறையைக் கழற்றிக்கொண்டிருந்த மிருதங்கத்துக்காரரின் கை அப்படியே நின்றுவிட்டது. அவர் திருநெல்வேலிப் பக்கத்துக்காரர், ரயில்வேயில் வேலை, சாந்த்ராகாச்சி குவார்ட்டர்ஸிலிருந்து மிருதங்கத்தைத் தூக்கிக்கொண்டு வந்திருந்தார்.

"நாலாக்கா? எங்கிட்ட யாரும் சொல்லலையேக்கா. இது ஹெச்சு மிருதங்கம்."

மிருதங்கம் வயலின் மாதிரி இல்லை. உயர்ந்த சுருதிக்கு ஒன்று, தாழ்ந்த சுருதிக்கு வேறொன்று. அதன் தோல் வாரைத் தட்டி ஏற்றலாம், இறக்கலாம், ஆனால் அதற்கும் ஓர் எல்லை உண்டு. தாழ்ந்த சுருதிக்கான அவருடைய தக்கு மிருதங்கம் சாந்த்ராகாச்சியில் வீட்டில் இருந்தது. ஆற்றைத் தாண்டிப் போய்க் கொண்டுவருவதற்குள் கச்சேரியே முடிந்துவிடும்.

நான் செயலாளர் மாமாவைத் திரும்பிப் பார்த்தேன். அவர் முகத்தில் திருட்டுத்தனம் எதுவும் இல்லை. நிஜமான கவலைதான் இருந்தது. என் பெயரைக் காப்பாற்றத்தான் சொல்லாமல் விட்டாராம். நான் கோபத்தில் நாலு என்று சொல்கிறேன், மேடை ஏறினால் பழையபடி ஐந்தரைக்கு வந்துவிடுவேன் என்று நினைத்தாராம். வெளியே போய் மிருதங்கத்துக்காரரிடம் நாலு என்று சொன்னால் அது ஊர் பூராப் பரவிவிடுமே என்று பயந்தாராம். "இன்னிக்கு ஒரு நாள் மட்டும் அஞ்சரைல பாடிடும்மா. எல்லாரும் வந்து உக்காந்திருக்கா" என்று கெஞ்சினார். அவர் மனைவி முன்வரிசையில் வழக்கமான இடத்தில் உட்கார்ந்திருந்தார். மாமி வருஷம் தவறாமல் அங்கே உட்கார்ந்து தொடையில் தாளம் போடுவார். கடைசியில் எல்லோரும் சேர்ந்து பாடுகிற மங்களத்தின்போது மட்டும் உதட்டை அசைத்துக்கொண்டு சும்மா இருப்பார். இப்போது எங்களையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மிருதங்கத்துக்காரர் வாரைத் தளர்த்தினால் நாலரை வரைக்கும் வரும் என்று மெல்லச் சொன்னார். நாலரை. பாதிக்குப் பாதி. எல்லோருக்கும் நல்லவளாகிவிடலாம். எனக்கு ஒரு கணம் சபலம் தட்டியது.

"தளர்த்தினா எப்படி இருக்கும், தம்பி?"

அவர் யோசித்தார். "சத்தம் வரும்க்கா. நாதம் வராது."

"அப்ப வேண்டாம். ரெண்டு பேரும் அரைகுறையாப் பாடவும் வாசிக்கவும் இந்த ஊர்ல நம்மள யாரும் கட்டாயப்படுத்தல."

மிருதங்கம் இல்லாமலே பாடுகிறேன் என்று முடிவு செய்தேன். அவரைக் கீழே இறங்கச் சொல்ல எனக்கு மனமில்லை. மேடையில் உட்கார்ந்து தாளம் போடுங்கள் என்றேன். அவர் மிருதங்கத்துக்கு மறுபடி உறையைப் போட்டு ஓரமாகப் படுக்கவைத்தார். பிறகு கொஞ்சம் தயங்கிவிட்டு, "வாயால சொல்லட்டுமாக்கா? சின்ன வயசுல கத்துக்கிட்டது. மேடையில சொன்னதில்ல" என்றார். மிருதங்கச் சொற்களை வாயாலேயே தாளத்தில் சொல்கிற கொன்னக்கோல். வாய்ச்சொல்லுக்கு ஹெச்சும் கிடையாது, தக்கும் கிடையாது. நான் இருந்த நிலையில் அவரைக் கட்டிப்பிடித்திருப்பேன். மேடை என்பதால் தலையை மட்டும் ஆட்டினேன்.

கச்சேரி பிரமாதம் என்று சொல்ல மாட்டேன். முதல் பாட்டு முடிந்ததும் லேசாகத்தான் கைத்தட்டினார்கள். இரண்டாவது வரிசையில் ஒருவர் குடையை எடுத்துக்கொண்டு எழுந்து போனார். குரல் போயிடுத்து பாவம் என்று யாரோ சொன்னதும் என் காதில் விழுந்தது. விழட்டும் என்று விட்டேன். மூன்றாவது பாட்டில் கீழே மந்தர ஸ்தாயிக்கு இறங்கி நின்றேன். ஐந்தரைக் காலத்தில் நான் எட்டிக்கூடப் பார்க்காத இடம். ஹாலில் மின்விசிறிச் சத்தம் கேட்டது. மிருதங்கத்துக்காரர் முதலில் கூச்சத்தோடு முணுமுணுத்தார். போகப் போகக் குரல் கணீரென்று எழும்பியது. அவருடைய தனி ஆவர்த்தனம் முடிந்தபோது அன்றைய பெரிய கைத்தட்டல் அவருக்குத்தான். எனக்குப் பொறாமைகூட வந்தது. விருத்தத்தில் மேல் பஞ்சமத்துக்குப் போகவில்லை. போகாத இடத்தில் ஹால் காத்திருந்தது எனக்குத் தெரிந்தது. காத்திருக்கட்டும் என்று மேல் ஸட்ஜத்திலேயே நின்றுவிட்டுத் திரும்பினேன். தப்பு செய்துவிட்டோமோ என்று தோன்றியது. ஆனாலும் திரும்பினேன்.

பிறகு மங்களம். எங்கள் சங்கத்தில் மங்களத்தை ஹாலே எழுந்து நின்று பாட வேண்டும் என்பது வழக்கம். வழக்கம் என்றுதான் பெயர். என் ஐந்தரைக்கு எட்டாமல் ஆண்கள் தொண்டையைக் கனைத்துக்கொண்டு நிற்பார்கள், பெண்கள் உதட்டை அசைப்பார்கள், நான் ஒருத்தி பாடி முடிப்பேன். அப்படியே பழகிவிட்டதால் அன்றைக்கும் தனியாகத்தான் ஆரம்பித்தேன்.

முதல் வரி முடிவதற்குள் முன்வரிசையிலிருந்து ஒரு குரல் சேர்ந்துகொண்டது. கனமான, நல்ல சுருதி சுத்தமான குரல். செயலாளர் மாமி. அவர் பாடுவார் என்பதே எனக்குத் தெரியாது. அவருக்குப் பின்னால் இன்னொருவர், அப்புறம் அந்த வரிசை முழுக்க. எல்லாம் என் வயது, என்னை விடப் பெரிய வயதுப் பெண்கள். இத்தனை வருஷமாக வெறும் உதட்டை அசைத்துக்கொண்டிருந்தவர்கள் வாயைத் திறந்து பாடினார்கள். நாலு கட்டை அவர்களுக்கும் எட்டியது. நான் என் குரலைக் கொஞ்சம் தணித்துக்கொண்டேன், என்னுடையது இல்லாமலே ஹால் பாடியது. செயலாளர் மாமா தன் மனைவியைத் திரும்பிப் பார்த்தார். பார்த்தவர் மங்களம் முடிகிற வரைக்கும் முகத்தைத் திருப்பவில்லை.

முடிந்ததும் மாமி மேடைக்கு அருகே வந்தார். கல்யாணத்துக்கு முன்னால் பாடிக்கொண்டிருந்தாராம். இந்த ஊருக்கு வந்த புதிதில் மங்களத்தில் மட்டுமாவது சேர்ந்து பாடுவாராம். நான் வந்து சுருதியை ஏற்றிய பிறகு எட்டாமல் விட்டுவிட்டதாகச் சாதாரணமாகச் சொன்னார். குறையாகச் சொல்லவில்லை, எனக்குத்தான் என்னவோ செய்தது. பின்னால் மாமா நின்றுகொண்டிருந்தார். நீ பாடுவேன்னு எங்கிட்ட சொன்னதேயில்லையே என்று மாமியிடம் கேட்டார். மாமி என் கையைப் பிடித்துக்கொண்டு, "அடுத்த வருஷமும் இதே நாலுலதான் பாடணும், சொல்லிட்டேன்" என்றார்.

இவரும் ஆரம்பித்துவிட்டாரே என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"அதெல்லாம் எழுதிக் குடுக்க முடியாது மாமி. அடுத்த வருஷம் மூணரையா இருந்தாலும் இருக்கும். மிருதங்கத்துக்கு நானே போன் பண்ணிச் சொல்லிடறேன்."

மாமா ஏதோ சொல்ல வாயெடுத்தார். மாமி அவருக்கு இடம் கொடுக்கவில்லை.

"மூணரையா? இன்னும் நல்லதாப் போச்சு. அப்ப முழுப் பாட்டும் உங்கூடவே பாடுவேன்."